நெல்லின் உயரமும் ஒரு முட்டுக்கட்டையும்

நெற்பயிரின் தண்டு நீள்வதற்கும் விதை முளைப்பதற்கும் வேண்டிய வளர்ச்சி ஊக்கி ஜிப்ரெலின். தைவானில் பூஞ்சை தாக்கிய நாற்றுகள் வெளிறி, மெலிந்து, அளவுக்கு மீறி நெட்டையாவதை ஆராய்ந்த ஜப்பானியர் குரோசாவா, பூஞ்சை வெளிவிடும் பொருளே அதற்குக் காரணம் என்று 1926இல் காட்டினார். அப்பொருள்தான் ஜிப்ரெலின். பயிரும் அதைத் தன் உடலில் சொற்ப அளவில் உண்டாக்கிக்கொள்வது பின்னர் தெரியவந்தது.

இந்த ஊக்கி வளர்ச்சியை நேரடியாகத் தள்ளிவிடுவதில்லை. மதுரை மாசி வீதியில் சித்திரைத் தேரின் சக்கரத்துக்குப் போடும் முட்டுக்கட்டைபோல, எஸ்.எல்.ஆர்.1 என்ற புரதம் வளர்ச்சி மரபணுக்களை நிறுத்தி வைத்திருக்கிறது. செல்லுக்குள் ஜிப்ரெலின் சேர்ந்ததும் ஜி.ஐ.டி.1 என்ற ஏற்புப் புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது; இரண்டுமாக எஸ்.எல்.ஆர்.1ஐப் பிடிக்கின்றன. பிடிபட்ட புரதத்தைச் செல் அடையாளமிட்டுச் சிதைத்துவிடுகிறது. கட்டை விலகியதும் மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன.

விதைநெல்லை ஊறவைத்து, நீரை வடித்து, சாக்கில் கட்டி மூட்டம் போடும்போது நடப்பதும் இதுவே. கருவிலிருந்து வரும் ஜிப்ரெலின், மாவுப்பகுதியைச் சூழ்ந்த மெல்லிய படலத்தில் எஸ்.எல்.ஆர்.1ஐ விலக்குகிறது. உடனே அங்கே அமிலேஸ் நொதி சுரந்து மாவைச் சர்க்கரையாக்குகிறது. அந்த உணவில்தான் முளை கிளம்புகிறது.

பெரியாறு–வைகைப் பாசனம் பெறும் மேலூர், வாடிப்பட்டி வயல்களில் ஒரு காலத்தில் நெட்டை ரகங்களே நின்றன. உரத்தைக் கூட்டினால் அவை மேலும் உயர்ந்து, கதிர் முற்றும் நேரத்தில் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். 1966இல் பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர்.8 குட்டையானது, சாயாதது. பேட்டா என்ற நெட்டை ரகத்தையும் டீ-ஜியோ-ஊ-ஜென் என்ற தைவான் குட்டை ரகத்தையும் கலந்து உருவாக்கியது அது. குட்டைத்தன்மையின் காரணம் 2002இல் தெளிவானது. ஜிப்ரெலின் தயாரிக்க உதவும் நொதிக்கான எஸ்.டி.1 மரபணுவில் 383 எழுத்துகள் விடுபட்டிருந்தன. ஊக்கி குறைந்ததால் முட்டுக்கட்டை முழுதாக விலகவில்லை, தண்டு குறுகியது. பூவில் அதே வேலையைச் செய்ய இன்னொரு மரபணு இருப்பதால் மணி பிடிப்பது கெடவில்லை.

பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமையில் மாற்றம் வேறிடத்தில் இருக்கிறது. அங்கே ஊக்கிக்குப் பஞ்சமில்லை. முட்டுக்கட்டைப் புரதமே உருமாறி, சிதைவுக்கு அகப்படாமல் நிற்கிறது. ஜிப்ரெலினைத் தெளித்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புலப்படும்: ஐ.ஆர்.8 நாற்று நெடுநெடுவென்று உயரும். அந்தக் கோதுமை நாற்று குட்டையாகவே இருக்கும்.