பாடத்தின் கடினமும் மதிப்பெண் கணக்கும்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஒரே வகுப்பு மாணவர்கள் அனைவரும் ஒரே தரத்தில் படிப்பதில்லை. கணிதத்தையோ வரலாற்றையோ ஒருவர் சாதாரண நிலையிலும் இன்னொருவர் கல்லூரி முதலாண்டுத் தரத்திலும் எடுத்துப் படிக்கலாம் என்பதால், எளிய பாடத்தில் ‘ஏ’ வாங்குவது மேலா, கடினமான பாடத்தில் ‘பி’ வாங்குவது மேலா என்ற கேள்வி, போட்டி மிகுந்த கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்களில் ஆண்டுதோறும் எழுகிறது.

கல்லூரித் தரப் பாடங்களில் பரவலாக அறியப்பட்டவை காலேஜ் போர்டு என்னும் அமைப்பின் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட், சுருக்கமாக ஏ.பி., பாடங்களாகும். ‘ஏ’ என்றால் 4, ‘பி’ என்றால் 3 எனப் புள்ளியாக மாற்றி எடுக்கும் சராசரி ஜி.பி.ஏ. எனப்படுகிறது. பல பள்ளிகள் ஏ.பி. பாடத்துக்கு ஒரு புள்ளி கூட்டித் தருவதால், அங்கே ஏ.பி.யில் வாங்கிய ‘பி’யும் சாதாரண வகுப்பின் ‘ஏ’யும் சமமாகிவிடுகின்றன. இந்தச் சலுகையை நம்பி ஏ.பி. பாடங்களை அடுக்கிக்கொண்டே போகும் ஆசைக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கணக்குமுறை கடிவாளம் போடுகிறது.

அப்பல்கலைக்கழகம் 10, 11ஆம் வகுப்புகளின் தரங்களைக் கொண்டு தானே ஒரு சராசரியைக் கணக்கிடுகிறது. கூடுதல் புள்ளி அதிகபட்சம் 8 அரையாண்டுப் பாடங்களுக்கே உண்டு. இரண்டு ஆண்டுகளில் 20 அரையாண்டுத் தரங்கள் பெறும் ஒரு மாணவர், 8 ஏ.பி. அரையாண்டுகள் உட்பட எல்லாவற்றிலும் ‘ஏ’ வாங்கினால் அவருடைய சராசரி 4.4 ஆகும். அவரே 12 ஏ.பி. அரையாண்டுகளை எடுத்து நான்கில் ‘பி’ வாங்கினால், கூடுதல் புள்ளி 8-ஐத் தாண்டாததால் சராசரி 4.2-க்கு இறங்கிவிடும். எனினும் தேர்வுக்குழு இந்த எண்ணோடு நிற்பதில்லை. எடுத்த கடினப் பாடங்களின் எண்ணிக்கையும் தனியே பார்க்கப்படுகிறது.

மற்றக் கல்லூரிகளுக்குப் பள்ளி அனுப்பும் விவரக்குறிப்பில் அங்கு என்னென்ன பாடங்கள் கிடைக்கின்றன என்பது இருக்கும். மாணவரின் பாடத்தேர்வு அப்பள்ளியின் அளவில் எவ்வளவு கடினமானது என்பதையும் பள்ளியின் ஆலோசகர் குறிப்பிடுகிறார். ஆகவே இரண்டே ஏ.பி. பாடங்கள் உள்ள சிற்றூர்ப் பள்ளியின் மாணவர், இருபது உள்ள பள்ளியின் மாணவரோடு எண்ணிக்கையில் போட்டியிட வேண்டியதில்லை. எண்ணிக்கையைவிடப் பொருத்தமே முக்கியம்: பொறியியலுக்கு விண்ணப்பிப்பவர் நுண்கணிதத்தையும் இயற்பியலையும் தவிர்த்துவிட்டு வேறு ஐந்து ஏ.பி. பாடங்களைக் காட்டினாலும் அந்த இடைவெளி மறையாது.

வகுப்புத் தரவரிசை நேரடியாகச் சேர்க்கையைத் தீர்மானிக்கும் இடத்தில் நிலைமை வேறு. டெக்சாஸில் 1997-இல் இயற்றப்பட்ட சட்டம், பள்ளியின் முதல் பத்து விழுக்காட்டில் வருவோருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடத்தை உறுதிசெய்தது. ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் பின்னர் வரம்பு இறுக்கப்பட்டது. எல்லாப் பாடங்களையும் சேர்த்து, கூடுதல் புள்ளியோடு வரிசைப்படுத்தும் பள்ளியில், இசை வகுப்பில் வாங்கும் ‘ஏ’ வெறும் 4 என்பதால், பிற பாடங்களில் 5 வாங்கும் மாணவரின் சராசரியை அதுவே கீழே இழுத்துவிடும். வயலின் மீது எவ்வளவு பற்று இருந்தாலும், முதலிடத்துக்குப் போட்டியிடுபவர் அதை விட்டுவிடவே கணக்கு சொல்லும்.