தாயா, சின்னம்மாவா? டி.என்.ஏ. சொன்ன முதற் சாட்சியம்

"இந்தப் பிள்ளை உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம்?"

குடிவரவு அதிகாரியின் மேசைக்கு முன்னால் அமர்ந்து இக்கேள்விக்கு விடை தேடித் தவித்தவர்கள் எமது வாசகர்களுட் பலர். பிறப்பத்தாட்சிப் பத்திரம் வீட்டோடு எரிந்திருக்கும். அல்லது இடப்பெயர்வின்போது எங்கோ ஒரு வள்ளத்தில் தவறியிருக்கும். கையில் இருக்கும் பத்திரத்தையும் அதிகாரி நம்ப மறுப்பார். பெற்ற தாய்க்கு, தான் தாய் என்று நிரூபிக்கும் கடமை வந்து சேர்கிறது.

டி.என்.ஏ. பரிசோதனை என்றதும் கொலை வழக்கும் குற்றவாளிக் கூண்டுமே எமது நினைவுக்கு வருகின்றன. ஆயின், தடயவியலின் இந்தப் பேராயுதம் உலகில் முதன்முதலாகப் பயன்பட்டது ஒரு கொலைகாரனைப் பிடிப்பதற்கு அன்று. மேற்சொன்ன அதே கேள்விக்கு விடை கூறுவதற்கே அது முதலில் பயன்பட்டது.

இருட்டறையில் ஒரு காலை

1984 செப்டெம்பர் 10, திங்கட்கிழமை. இங்கிலாந்தின் லெஸ்ரர் பல்கலைக்கழகத்தில் மரபியல் ஆய்வாளர் அலெக் ஜெஃப்ரீஸ், காலை 9.05 மணியளவில் இருட்டறையிலிருந்து ஓர் எக்ஸ்-ரே படச்சுருளை எடுத்துப் பார்த்தார். அதில் வரிசை வரிசையாகக் கருங்கோடுகள் தெரிந்தன. அவரது ஆய்வுகூட உதவியாளர், அவருடைய தாய், தந்தை ஆகிய மூவரின் டி.என்.ஏ.யும் அப்படத்தில் இருந்தன. மூவரின் கோடுகளும் வெவ்வேறாக இருந்தன. ஆயினும் மகளிடம் காணப்பட்ட கோடுகள் தாயிடமோ தந்தையிடமோ இருந்து வந்தவையாகவே இருந்தன.

இதன் அடிப்படை எளிமையானது. எமது கலங்களில் உள்ள டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில், சில குறுகிய பகுதிகள் பாட்டின் பல்லவிபோல மீண்டும் மீண்டும் வருகின்றன. ஓரிடத்தில் ஒருவருக்குப் பத்து முறை வரும் பல்லவி, இன்னொருவருக்கு முப்பது முறை வரலாம். இழையை நொதியங்களால் வெட்டி, மின்னோட்டத்தின் உதவியால் துண்டுகளை நீளவாரியாகப் பிரித்தால், ஒவ்வொருவருக்கும் உரிய கோட்டு வரிசை ஒன்று கிடைக்கும். கடைகளில் பொருட்களின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் கோட்டுக் குறியீட்டை இது ஒத்தது.

இதனைக் குடிவரவுப் பிணக்குகளைத் தீர்க்கப் பயன்படுத்தலாமே என்று அன்று மாலையே யோசனை கூறியவர் ஜெஃப்ரீஸின் மனைவி.

இல்லாத தந்தையின் கோடுகள்

அந்த யோசனை செயலாவதற்கு நெடுநாள் செல்லவில்லை. கானா நாட்டுப் பெற்றோருக்குப் பிரித்தானியாவில் பிறந்த சிறுவன் ஒருவன், கானாவில் இருந்த தந்தையிடம் சென்று வாழ்ந்தபின், தாயுடனும் சகோதரர்களுடனும் சேர்வதற்காகத் தனியே திரும்பினான். திரும்பியவன் உண்மையான மகன் அல்லன் என்று குடிவரவு அதிகாரிகள் ஐயுற்றனர். அவன் அப்பெண்ணின் சகோதரியின் மகனாகவோ உறவற்ற வேறொருவனாகவோ இருக்கலாம் என்பது அவர்களது வாதம். வழமையான இரத்தப் பரிசோதனைகள் இருவரும் உறவினர் என்று காட்டின. தாயா, தாயின் சகோதரியா என்பதை அவற்றாற் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஜெஃப்ரீஸின் கண்டுபிடிப்பைப் பத்திரிகையில் படித்த சட்ட உதவி நிலைய வழக்கறிஞர் ஒருவர் அவருக்குக் கடிதம் எழுதினார்.

பரிசோதனைக்குத் தந்தை கிடைக்கவில்லை. கானாவிலிருந்த தாயின் சகோதரிகளும் கிடைக்கவில்லை. இங்கேதான் ஜெஃப்ரீஸின் தருக்கத்தை நாம் வியக்க வேண்டும். அப்பெண்ணுக்கு ஐயத்துக்கு இடமற்ற வேறு மூன்று பிள்ளைகள் இருந்தனர். அவர்களிடம் இருந்து, தாயிடம் இல்லாத கோடுகள் யாவும் தந்தையிடமிருந்தே வந்திருக்க வேண்டும். இவ்வாறு, முகம் காணாத ஒரு மனிதனின் கோடுகளில் பெரும்பகுதியை அவனது பிள்ளைகளிடமிருந்து அவர் மீட்டெடுத்தார். பின்னர் சிறுவனின் கோடுகளை நோக்கினார். மீட்டெடுத்த தந்தையின் கோடுகளில் ஏறத்தாழ அரைப்பங்கு சிறுவனிடம் இருந்தன. எஞ்சியவை அனைத்தும் தாயிடம் காணப்பட்டன. அப்பெண் தாயாக அன்றித் தாயின் சகோதரியாக இருந்து இவ்வளவு பொருத்தம் நேர்வதற்கான வாய்ப்பு, பத்து இலட்சத்தில் ஏறத்தாழ ஆறு மட்டுமே எனக் கணக்கிடப்பட்டது.

1985 இல் அதிகாரிகள் வழக்கைக் கைவிட்டனர்; சிறுவன் தாயுடன் தங்கினான். முடிவைத் தாமே அந்தத் தாயிடம் தெரிவித்தபோது அவரது கண்களிற் கண்ட ஒளியைத் தம் வாழ்வின் பொன்னான கணமாக ஜெஃப்ரீஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

நிரபராதிக்கு ஒரு சாட்சி

குற்றவியலில் அம்முறை முதலிற் செய்த பணியும் கவனத்துக்குரியது. லெஸ்ரருக்கு அண்மையில் 1983 இலும் 1986 இலும் இரு சிறுமியர் கொலையுண்டனர். பதினேழு வயது இளைஞன் ஒருவன் இரண்டாவது கொலையைச் செய்ததாகப் பொலிஸாரிடம் ஒப்புக்கொண்டிருந்தான். முதலாவதையும் அவனே செய்தான் என்று நிறுவ விரும்பிய பொலிஸார் ஜெஃப்ரீஸை நாடினர். இரு கொலைகளையும் செய்தவன் ஒருவனே, ஆனால் அவன் இந்த இளைஞன் அல்லன் என்று சோதனை காட்டியது. ஒப்புதல் வாக்குமூலத்தை டி.என்.ஏ. பொய்யாக்கியது. உண்மைக் கொலையாளி கொலின் பிட்ச்ஃபோர்க் 1987 இற் பிடிபட்டு, 1988 இல் ஆயுட்சிறை பெற்றான். விசாரணை அறையில் பெறப்பட்ட வாக்குமூலத்தின் பெறுமதி என்ன என்பதை அறிந்த எம் மக்களுக்கு இச்செய்தியின் கனம் விளங்கும்.

பெரியம்மா, சின்னம்மா, படிவம்

இன்றைய முறை வேறு. 1990களிலிருந்து மிகச் சிறிய மாதிரியே போதுமானதாயிற்று. உட்கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் வழித்தெடுத்தாற் போதும். பெற்றோர், பிள்ளை என்ற உறவை இது ஏறத்தாழ ஐயமின்றிச் சொல்லும். உடன்பிறந்தாரிடையே நிலைமை அத்தகையதன்று. இரு சகோதரர் பெற்றோரிடமிருந்து ஒரே பங்கைப் பெறுவதில்லை. ஆகவே விடை நிகழ்தகவாகவே வரும், சிலவேளை தெளிவற்றும் போகும். தாயோ தந்தையோ உயிருடன் இருப்பின் அவரையும் சோதனையிற் சேர்ப்பது நலம்.

இதற்கொரு மறுபக்கமும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர், போரில் இறந்த தமையனின் கைக்குழந்தையைத் தம் மகனாகவே வளர்த்தார். விண்ணப்பத்தில் "மகன்" என்று எழுதினார். சோதனை "தந்தை அல்லர்" என்றது. பொய்யர் என்ற பழியை நீக்க அவருக்குப் பல ஆண்டுகள் சென்றன. அவர் பொய் சொல்லவில்லை. தமிழிற் சொன்னார், அவ்வளவே. எமது மொழியில் தமையன் பிள்ளையும் மகனே. தாயின் சகோதரியும் அம்மாவே, பெரியம்மா அல்லது சின்னம்மா. கானாத் தாயின் வழக்கைத் தீர்த்த அதே வேறுபாட்டை எம் வீடுகள் பெரிதாகக் கருதுவதில்லை, படிவம் கருதுகிறது. வளர்ப்புப் பிள்ளையாயின் அதனைத் தொடக்கத்திலேயே அவ்வாறே எழுதி, வளர்த்தமைக்கான சான்றுகளை இணைக்க வேண்டும்.

விஞ்ஞானம் அதிகாரத்தின் கைக்கோலாகவும் மாறக்கூடும். பிரித்தானியாவில் குடிவரவு விண்ணப்பதாரர் சிலரிடம் சட்ட அதிகாரமின்றிக் கட்டாயமாக டி.என்.ஏ. கோரப்பட்டமைக்காக, 2018 ஒக்டோபரில் உள்துறை அமைச்சர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. தாய்க்கு ஆயுதமாகப் பிறந்தது தாய்மீது சுமையாக ஏற்றப்படலாகாது.

எலும்புக்கு இரத்தம் வேண்டும்

டி.என்.ஏ. தனியே எதையும் சொல்லாது, ஒப்பிட்டே சொல்லும். ஆர்ஜென்ரீனாவில் 1976 முதல் 1983 வரை நீடித்த இராணுவ ஆட்சி, காணாமலாக்கப்பட்டோரின் குழந்தைகளை அபகரித்துப் பிறரிடம் கொடுத்தது. பெற்றோர் இல்லாத நிலையில், தேடியவர்கள் பாட்டிமாரே. அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளயர் கிங் அவர்களுக்குத் துணைநின்றார். தாய்வழியாக மட்டுமே கடத்தப்படும் இழைமணி டி.என்.ஏ. பாட்டியையும் பேரப்பிள்ளையையும் இணைத்தது. 1987 இல் அந்நாட்டிற் தேசிய மரபுத் தரவு வங்கி சட்டப்படி நிறுவப்பட்டது. பாட்டிமார் தம் இரத்தத்தை அங்கே வைப்பிலிட்டனர். அவர்களுட் பலர் இறந்த பின்னரும் அந்த இரத்தம் தேடிக்கொண்டே இருக்கிறது. நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் இதுவரை அடையாளம் காணப்பட்டுள்ளனர்.

இதனை வாசிக்கும்போது செம்மணி நினைவுக்கு வராதிருக்க முடியாது. 1999 இல் அங்கே 15 எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டன. 2025 இல் அப்பகுதியின் சித்துப்பாத்தி மயானத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவை வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றன் அருகே நீலநிறப் பாடசாலைப் பை ஒன்று கிடந்தது. பையையும் ஆடையையும் உறவினர் கண்ணாற் பார்த்து அடையாளம் காணலாம். எலும்புக்குப் பெயர் சூட்டப் பல்லிலோ தொடையெலும்பிலோ எஞ்சிய டி.என்.ஏ.யும், அதனோடு ஒப்பிட உறவினரின் இரத்தமும் வேண்டும். வெப்பமும் ஈரமும் மிக்க எமது மண்ணில் முன்னையது அழிந்துகொண்டே போகிறது.

பின்னையதில் எவ்வளவு இன்று பாரிஸிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் வாழ்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். காணாமற்போனவரின் தாய்க்கு இப்போது என்ன வயது? அத்தாயின் மாதிரி எங்கேனும் நம்பத்தக்க ஓரிடத்திற் பாதுகாக்கப்பட்டுள்ளதா? ஒருகாலத்தில், பிள்ளை தம்முடையது என்று நிரூபிக்குமாறு அதிகாரிகள் எம் தாய்மாரைக் கேட்டனர். அக்கேள்வியை இனி நாமே கேட்கும் காலம் வரலாம். அன்று விடை கூற எம் தாய்மார் இருக்கமாட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற ஒரு துளி இரத்தமேனும் இருக்க வேண்டும்.