ஏட்டில் ஒளிந்த எழுத்து, அட்டையில் ஒளிந்த வீரன்

இலங்கையின் மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே மூன்று கிலோமீட்டர் போனால் அலுவிகாரை. பாறைகளுக்கு இடையே இருக்கும் அந்த விகாரையில், வருகிறவர்களுக்கு ஓலையில் எழுதிக் காட்டுவார்கள். எழுத்தாணி ஓலைமேல் ஊர்ந்து போகும். ஓலை வெறுமையாகவே இருப்பதுபோல் தோன்றும். கீறல் விழுந்திருக்கிறது, கண்ணுக்குத்தான் பிடிபடவில்லை. பிறகு எண்ணெயில் குழைத்த கரியைத் தடவித் துடைத்தெடுப்பார்கள். மேலே பூசிய கரி துணியோடு வந்துவிடும். கீறலுக்குள் இறங்கியது மட்டும் தங்கிவிடும். அந்த நொடியில் நம் பெயர் கறுப்பாக எழுந்து நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே காக்கப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் இங்கேதான் முதன்முதலில் ஏடேறியது என்பது மரபு. பஞ்சமும் போரும் நிறைந்த காலம் அது. மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் செத்தால் நூலும் அவர்களோடு போய்விடும். அந்த அச்சத்தில் மனித நினைவை ஒரு மெல்லிய இலைக்கு மாற்றினார்கள்.

அந்த ஓலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு மெல்லிய தகடு நினைவுக்கு வரும். 2006ஆம் ஆண்டு ஒக்டோபரில், அமெரிக்காவின் மாட்டெல் நிறுவனம் ஹைப்பர்ஸ்கேன் என்ற விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. பார்பி பொம்மை செய்யும் அதே மாட்டெல்தான். தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் பெட்டி. விலை 70 டொலருக்கு ஒரு சதம் குறைவு. கூடவே எக்ஸ்-மென் என்ற வீடியோ கேமின் குறுந்தட்டும் சில அட்டைகளும். அதில் வரும் வீரன் வுல்வரினின் படம் அச்சிட்ட அட்டையைப் பெட்டியின் மேல் காட்டினால் வுல்வரின் திரையில் வந்து நிற்பான். அவனுக்குப் புதிய சக்தி வேண்டுமென்றால் அதற்கு வேறோர் அட்டை.

கையில் பிடித்த படம் திரையில் உயிர் பெறுவது எப்படி? அட்டையில் மின்கலம் இல்லை, கம்பி இணைப்பும் இல்லை. ஆனால் அச்சுக்கு அடியில் ஓர் உலோகச் சுருளும், அதன் நுனியில் அரிசியை விடச் சிறிய சில்லும் இருக்கின்றன. பெட்டிக்குள்ளும் ஒரு சுருள். அதில் மின்னோட்டம் நொடிக்கு ஒரு கோடியே 35 இலட்சத்து 60 ஆயிரம் தடவை முன்னும் பின்னுமாக அலைகிறது. அதனால் சுற்றிலும் ஒரு காந்தப்புலம் துடித்துக்கொண்டே இருக்கும். மாறுகிற காந்தப்புலத்துக்குள் கம்பிச் சுருள் ஒன்று வந்தால் அதில் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தார். அட்டை பக்கத்தில் வந்ததும் நடப்பது அதுதான். செத்துக் கிடந்த சில்லு அந்தக் கடன் மின்சாரத்தில் கண் விழிக்கிறது.

விழித்தால் போதாது, பேசவும் வேண்டும். குரல் எழுப்பும் வலிமை அதற்கு இல்லை. இங்கே ஓர் அழகான தந்திரம் இருக்கிறது. மலையகத் தோட்டங்களில் ஒரே குழாய்த் தண்ணீரைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும் இடங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேல் வீட்டில் குழாயைத் திறந்தால் நம் வீட்டுத் தாரை மெலியும், மூடினால் தடிக்கும். மேல் வீட்டுக்காரர் ஒரு கணக்கு வைத்துத் திறந்து மூடினால், நம் குழாயைப் பார்த்தே அவர் சொல்வதைப் படித்துவிடலாம். சில்லு செய்வது இதைத்தான். தான் உறிஞ்சும் மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் காட்டுகிறது. பெட்டியின் சுருளில் அந்த ஏற்ற இறக்கம் தெரிகிறது. அதை ஒன்று, சுழியம் என்று பெட்டி படித்துக்கொள்கிறது. கரி பூசியதும் எழுந்த எழுத்துப்போல, காந்தப்புலம் தொட்டதும் அட்டையின் எழுத்து வெளியே வருகிறது.

ஹைப்பர்ஸ்கேன் அட்டையில் திரும்ப எழுதவும் முடியும். விளையாடிச் சேர்த்த பலத்தை அந்த அட்டையிலேயே பதிந்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போகலாம். நான் கேள்விப்பட்ட விளையாட்டுச் சாமான்களில் இதைவிட மனதைத் தொட்ட யோசனை குறைவு.

ஆனாலும் அந்தப் பெட்டி தோற்றது. எக்ஸ்-மென் விளையாட்டு இருவர் நேருக்கு நேர் மோதும் சண்டை. சண்டைக்கு வேகம்தான் உயிர். இங்கேயோ ஒவ்வொரு கட்டத்திலும் காத்திருக்க வேண்டியிருந்தது. குறுந்தட்டில் 650 மெகாபைட்டுக்கு மேல் அடைக்கலாம். பெட்டியின் நினைவகமோ 16 மெகாபைட். எனவே படம், ஒலி, காட்சி எல்லாவற்றுக்கும் தட்டையே திரும்பத் திரும்ப நாட வேண்டும். குறுந்தட்டின் தடம் ஒரே சுருள்கோடு. முழுத் தட்டின் தடத்தை நீட்டிப் பிடித்தால் ஐந்து கிலோமீட்டரைத் தாண்டும். மாத்தளை நகரில் தொடங்கினால் அலுவிகாரையைக் கடந்து இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓடும். அந்த நீளத்தில் வேண்டிய இடத்தைத் தேடி ஒளிக்கதிர் நகரும்வரை சிறுவன் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் அட்டையை எடு, காட்டு, மறுபடி காட்டு என்ற வேலை வேறு.

காசும் நின்றபாடில்லை. புதிய அட்டைக்கட்டு ஒன்றுக்கு ஏறக்குறைய 10 டொலர், புதிய விளையாட்டுக்கு 20. அந்த ஆண்டில் பிளேஸ்டேஷன் 2 பெட்டியே 130 டொலருக்கு இறங்கியிருந்தது. நவம்பரில் நிண்டெண்டோவின் வீ என்ற புதிய பெட்டி வந்தது. ஹைப்பர்ஸ்கேனுக்கு மொத்தம் ஐந்தே விளையாட்டுகள் வெளிவந்தன. அடுத்த ஆண்டே கடையை மூடிவிட்டார்கள். மிக மோசமான விளையாட்டுப் பெட்டிகளின் பட்டியல்களில் அதன் பெயர் நிலைத்துவிட்டது.

எனக்கு அந்தத் தீர்ப்பில் பாதி உடன்பாடுதான். பெட்டி மோசம், விளையாட்டு மந்தம், அதில் மறுப்பில்லை. அட்டை மோசமில்லை. ஐந்து ஆண்டு கழித்து, 2011இல் ஸ்கைலாண்டர்ஸ் என்ற விளையாட்டு வந்தது. அதில் படத்துக்குப் பதில் பொம்மை. பொம்மையின் அடியில் அதே சுருள், அதே ஒரு கோடியே 35 இலட்சத்துச் சொச்சம் துடிப்பு. பொம்மையைப் பீடத்தில் வைத்தவுடன் அது திரைக்குள் குதித்தது. குழந்தைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். 2014இல் நிண்டெண்டோ அமீபோ என்ற பொம்மைகளை இறக்கியது. அவற்றின் சில்லில் எழுதக் கிடைக்கும் இடம் 504 பைட். கணினியில் ‘மாத்தளை’ என்று எழுத இன்றைய முறைப்படி 21 பைட் வேண்டும். அதாவது நம் ஊர்ப் பெயரை 24 தடவை எழுதினால் பொம்மையின் நினைவு நிறைந்துவிடும். பெயரும் பலமும் வெற்றியும் எல்லாம் அந்தச் சின்ன இடத்துக்குள் அடங்கியாக வேண்டும். ஓலை எழுதியவர்களும் இடத்தை இப்படித்தான் எண்ணி எண்ணிச் செலவழித்தார்கள்.

இன்றைக்குச் சென்னை மெட்ரோவில் பயண அட்டையைத் தட்டிவிட்டு ஏறுகிறவர், சிங்கப்பூர்ப் பேருந்தில் ஏறுகிறவர், மாத்தளைக் கடைத்தெருவில் வங்கி அட்டையைக் கருவிக்கு மேலே காட்டிவிட்டுப் பையைத் தூக்குகிறவர் எல்லோர் கையிலும் இருப்பது அந்தச் சுருளும் சில்லும்தான்.

இத்தகைய சில்லு நினைவு வைத்துக்கொள்ளும் விதமும் வியப்பானது. நாற்புறமும் மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட நுண்ணிய தீவுகள் அதற்குள் இருக்கின்றன. எழுதும்போது மின்துகள்களை அந்தத் தீவுகளுக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறார்கள். மின்சாரம் நின்ற பிறகும் துகள்கள் வெளியேற வழியில்லாமல் அங்கேயே கிடக்கும். இருந்தாலும் எந்தப் பூட்டும் முழுப் பூட்டல்ல. ஒன்றிரண்டாகக் கசிந்துகொண்டே இருக்கும். அமீபோவில் உள்ள வகைச் சில்லுக்கு அதைச் செய்தவர்களே சொல்லும் உத்தரவாதம் பத்து ஆண்டு.

தாளிப்பனை ஓலை, வேகவைத்து, உலர்த்தி, எண்ணெய் பூசிப் பேணினால் நூற்றாண்டுகள் தாங்கும். ஆனால் நெருப்புக்குத் தாங்காது. 1848இல், பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான மாத்தளைக் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது அலுவிகாரையின் ஏட்டுச்சாலை அழிந்தது. நூல் மட்டும் சாகவில்லை. வேறு விகாரைகளில், வேறு நாடுகளில் அதன் பிரதிகள் இருந்தன. கைவலிக்கக் கைவலிக்கப் படியெடுத்தவர்கள் தந்த ஆயுள் அது.

பழைய விளையாட்டுகளைக் காக்கும் ஆர்வலர்கள் ஹைப்பர்ஸ்கேனின் குறுந்தட்டுகளையும் விடாமல் படியெடுத்து வைத்திருக்கிறார்கள். தோற்றுப்போன விளையாட்டுக்காக யாரோ இரவில் கண் விழிக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். சிறுவர்களின் அட்டைகள்தான் அப்படிக் கைக்கு எட்டாதவை. 2006 கிறிஸ்மஸ் விடுமுறையில் ஒருவன் வுல்வரினுக்காகச் சேர்த்த பலம் அவனுடைய அட்டை ஒன்றில் மட்டுமே இருக்கிறது. எங்கோ ஓர் இழுப்பறையில் கிடக்கும் அந்த அட்டையிலிருந்து, இத்தனை ஆண்டு கழிந்த இந்த நேரத்திலும், மின்துகள்கள் ஒன்றிரண்டாகக் கசிந்துகொண்டிருக்கும்.