வெளிச்சுவாச வளியில் காபனீரொட்சைட்டு

தெளிந்த சுண்ணாம்பு நீரினுள் குழாய் மூலம் ஊதும்போது அது பால்நிறமாகும். கல்சியம் ஐதரொட்சைட்டு காபனீரொட்சைட்டுடன் தாக்கமுற்று, நீரில் கரையாத கல்சியம் காபனேற்று தோன்றுவதே காரணம்.

ஆய்வுகூடம் இல்லாவிடின் வெற்றிலைச் சுண்ணாம்பு போதும். ஆனால் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் பல கிணறுகளின் நீர் வன்னீர். அதில் கரைந்துள்ள கல்சியம் இருகாபனேற்று, சுண்ணாம்பு சேர்ந்ததுமே வெண்வீழ்படிவைத் தரும். ஊதுவதற்கு முன்பே பால்நிறம்! ஆகவே மழைநீரிலோ கொதித்தாறிய நீரிலோ கரைத்து, மூடிய போத்தலில் ஓரிரவு வைத்துத் தெளிந்த நீரை மட்டும் எடுக்குக. மெதுவாக ஊதுக; ஒருபோதும் உறிஞ்ச வேண்டாம், வாய் புண்ணாகும்.

தொடர்ந்து ஊதினால் பால்நிறம் மறையும். மாணவர் பலர் இதைப் பரிசோதனைப் பிழையென எண்ணுவர். பிழையன்று. மிகையான காபனீரொட்சைட்டு, காபனேற்றை நீரில் கரையும் இருகாபனேற்றாக மாற்றுகிறது. கிணற்றுநீரில் இருப்பதும் இதுவே. கொதிக்க வைத்தால் வெண்படிவு மீளும். கேத்தலின் அடியில் படிவது அதுதான்.

கட்டுப்பாட்டுக்காக, சம அளவு சுண்ணாம்பு நீருள்ள இன்னொரு குழாயினுள் சைக்கிள் பம்பினால் சாதாரண வளியைச் செலுத்துக. அதில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 0.04%, வெளிச்சுவாச வளியில் ஏறத்தாழ 4%. எனவே இக்குழாய் மிகத் தாமதித்தே கலங்கும். முடிவில் “காபனீரொட்சைட்டு உண்டு” என்று மட்டும் எழுதாது, “உட்சுவாச வளியிலும் பார்க்கக் கூடுதலாக உண்டு” என எழுதுக.