அவசரகால வாக்கி-டாக்கி

வாக்கி-டாக்கி என்பது கைபேசிக் கோபுரத்தின் துணையின்றி, ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு நேரடியாகப் பேச உதவும் கையடக்க இருவழி வானொலி ஆகும். இதில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேச முடியும்.

தேவை

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. பல ஊர்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டன. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு ரயிலின் பயணிகள் சுமார் 800 பேர் சிக்கிக்கொண்டனர். மணிமுத்தாறு அணைக்கு மேலேயுள்ள மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து போன்ற மலைக் குடியிருப்புகளுக்கு, மலைப்பாதை அடைபட்டால் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

எட்டும் தூரம்

இக்கருவிகளின் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை; மலை அவற்றைத் தடுக்கும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரம் தடையற்ற வெளிக்கே பொருந்தும். மலை விளிம்பிலிருந்து சமவெளியை எட்டும் குரல், ஒரு மேட்டுக்கு அப்பாலுள்ள அடுத்த குடியிருப்பை எட்டாமல் போகலாம். மேட்டின் உச்சியில் ஒருவர் நின்று செய்தியை இருபுறமும் மாற்றிச் சொல்வது எளிய தீர்வு.

உரிமம்

இந்தியாவில் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, 446.0–446.2 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை. எனினும் அந்த மாதிரிக் கருவி அரசின் கருவி வகை ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும். அலைவரிசையை விருப்பம்போல் மாற்றக்கூடிய கருவிகளை உரிமமின்றிப் பயன்படுத்துவது குற்றமாகலாம். தேர்வெழுதி உரிமம் பெறும் அமெச்சூர் வானொலி இதினின்று வேறானது.

பாதுகாப்பு

பல கருவிகளில் ‘தனியுரிமைக் குறியீடு’ என்ற வசதி உண்டு. அது பிறர் பேச்சு நம் கருவியில் ஒலிக்காமல் தடுக்குமே தவிர, நம் பேச்சைப் பிறர் கேட்பதைத் தடுக்காது. டிஜிட்டல் கருவி என்பதாலும் பேச்சு மறைந்துவிடாது. மறையாக்கம் இருந்தால்தான் மறையும். அதற்கு எல்லாக் கருவிகளிலும் ஒரே திறவுகோல் வேண்டும். ஒரு கருவி தொலைந்தாலும் அந்தத் திறவுகோலை மாற்றியாக வேண்டும்.

ஆபத்தில் உதவி கேட்கும் குரல் பலருக்கும் கேட்பதே நல்லது. ஆனால் பூட்டிக் கிடக்கும் வீடுகள், நோயாளியின் பெயர், தொலைபேசி எண் போன்றவற்றைத் திறந்த அலைவரிசையில் சொல்லக்கூடாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

• கருவி வகை ஒப்புதல் எண்
• மழைநீர் புகாத உறை
• மாற்று மின்கலம் அல்லது சூரிய ஒளி மின்னேற்றி
• அனைவரிடமும் ஒரே அலைவரிசை, ஒரே அமைப்பு

வாங்கிய பின், எங்கிருந்து எங்கே கேட்கிறது என்பதை மழைக்காலத்துக்கு முன்பே நடந்து சோதித்து, வரைபடத்தில் குறித்து வைப்பது அவசியம்.