வெட்டவெளியில் ஒரு மோட்டார் சைக்கிள்

இங்கிலாந்தில் டிசம்பர் பிறந்துவிட்டால், மோட்டார் சைக்கிள்காரர்களில் பலர் வண்டிக்கு ஓய்வு கொடுத்துவிடுகிறார்கள். கொட்டகை உள்ளவருக்குக் கவலையில்லை. வீட்டு முற்றமே கதியென்று இருப்பவர் என்ன செய்வது? குளிரைக் காட்டிலும் ஈரமே தம் பிரதம சத்துரு என்பதை அவர் முதலில் உணரவேண்டும்.

ஐஸ் ஜலம் நிறைந்த டம்ளரின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் அரும்புவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? பாதி காலியான பெட்ரோல் டாங்கியின் உட்புறத்திலும் அவ்விதமே துளிகள் அரும்பித் துருவை உண்டாக்கும். ஆகையால், இரும்பு டாங்கியை ஏறக்குறைய நிரப்பியே வைக்கவேண்டும். பனிக்கட்டி உருகுவதற்காகச் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். வண்டியில் ஒட்டியிருக்கும் அந்த உப்பை நன்றாகக் கழுவித் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் இடுவது அவசியம். பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, அவ்வப்போது சார்ஜ் செய்யவேண்டும். சார்ஜ் இறங்கிய ஈயப் பாட்டரியின் திராவகம் ஏறக்குறைய வெறும் ஜலமாகிவிடுவதால், கடுங்குளிரில் உறைந்து பெட்டியையே பிளந்துவிடக்கூடும். மேலே போர்த்தும் உறை மழையைத் தடுக்கவேண்டும். ஆனால் காற்றோட்டத்தைத் தடுக்கலாகாது. இல்லையேல் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுவிடும்.

இன்னொரு விஷயம். வாரம் ஒரு முறை இரண்டு நிமிஷம் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது அன்பினால் நேரும் பிசகு. பெட்ரோல் எரியும்போது நீராவி பிறக்கிறது. நன்றாகச் சூடேறாத எஞ்சினிலும் புகைக்குழாயிலும் அது நீராய்த் தங்கிவிடும்.

தூங்கும் குழந்தையை, தூங்குகிறதா என்று எழுப்பிப் பார்ப்பார் உண்டோ? வசந்தம் வரும்வரை வண்டியையும் தூங்கவிடுவதே உத்தமம்.