குறிப்பறியும் அறிவை அளப்பார் யார்?

ஆசிரியர்களுக்கென நிகழ்ந்த பயிற்சி வகுப்பொன்றிற்குச் சென்ற ஆண்டு யானும் போயிருந்தேன். ‘மனவெழுச்சி நுண்ணறிவு’ என்பது அன்றைய பொருள். விரிவுரை முடிந்ததும் ஒரு வினாத்தாளைக் கையிற் கொடுத்தனர். ‘பிறர் உள்ளத்தை யான் எளிதில் உணர்ந்துகொள்வேன்’, ‘கோபம் வந்தவிடத்து என்னை அடக்கிக்கொள்வேன்’ என்றிவ்வாறாக 40 வாக்கியங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ‘எப்போதும்’, ‘சிலவேளை’, ‘அரிதாக’ என மூன்று கட்டங்கள். அவரவர் தம்மைத் தாமே அளந்து புள்ளியிட்டுக்கொள்ளல் வேண்டும். எனக்கு அயலில் இருந்தவர் ஓர் அதிபர். தம் பாடசாலையில் எவரும் நெருங்கிப் பேச அஞ்சும் பெரியவர். அவர் விரைந்து எழுதி, நூற்றுக்கு 96 பெற்று மகிழ்ந்தார். அவருடைய பாடசாலை ஆசிரியர் இருவர் பின்வரிசையிலிருந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். வினாத்தாள் தந்த புள்ளியினும் அப்பார்வை தந்த புள்ளியே பொருத்தமானதென்பது என் துணிபு.

இந்நுண்ணறிவு பற்றிய பேச்சு நம்மிடையே புதிதாயினும், அதனை ஆராய்ந்தோர் இவ்வளவு எளிதாக அளந்துவிடலாமென்று கருதியவரல்லர். அமெரிக்க உளவியலறிஞராகிய பீற்றர் சலோவே, ஜோன் மேயர் என்னும் இருவர் 1990 ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையால் இக்கருத்துக் கல்வியுலகிற் கால்கொண்டது. 1995 இல் டானியல் கோல்மன் என்னும் பத்திரிகையாளர் எழுதிய நூலால் அஃது உலகெங்கும் பரவிற்று. பரவியதோடு பொருளும் நெகிழ்ந்தது. ஊக்கம், நன்னடத்தை, தொழில் வெற்றி ஆகிய யாவும் அப்பெயரின்கீழ் வந்து புகுந்தன. முன்னவர் இருவருமோ, உணர்ச்சியைக் கண்டறிதல், சிந்தனைக்குத் துணையாக்கல், அதன் போக்கை விளங்கிக்கொள்ளல், அதனை ஆளுதல் எனும் நான்கு திறன்களோடு நின்றனர்.

அவர்கள் டேவிட் கரூசோ என்பவரோடு சேர்ந்து 2002 இல் வெளியிட்ட சோதனை 141 வினாக்களைக் கொண்டது. அது ‘நீர் வல்லவரா?’ என்று கேட்பதில்லை. முகப்படத்தைக் காட்டி ‘இதில் யாது உணர்ச்சி, எவ்வளவு?’ என்று கேட்கும். இங்ஙனம் செய்துகாட்டிப் பெறும் புள்ளிக்கும், தம்மைத் தாமே மதித்து இடும் புள்ளிக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறிதென்பது பின்னர்த் தெரிய வந்தது. எனினும் அச்சோதனைக்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. சரியான விடை எதுவென்று சொல்பவர் யார்? பலர் சொன்னதையோ, அன்றி 21 ஆராய்ச்சியாளர் கொண்ட குழு சொன்னதையோ விடையாகக் கொண்டனர். படத்திலுள்ள முகத்தைக் கேட்க வழியில்லை.

கேட்க வழிசெய்தவர் வில்லியம் இக்கஸ் என்னும் பிறிதோர் அமெரிக்க அறிஞர். இருவரை உரையாடவிட்டு அதனைப் படம்பிடிப்பார். பின்னர் ஒருவர் அப்படத்தைப் பார்த்து, இன்ன இடத்தில் யான் இதனை நினைத்தேன், இதனை உணர்ந்தேன் என்று குறித்து வைப்பார். மற்றவர் அதே இடங்களில் அவர் என் நினைத்திருப்பாரென ஊகித்து எழுதுவார். இரண்டையும் ஒப்புநோக்கிப் புள்ளியிடுவர். அறிமுகமில்லாதோர் நூற்றுக்கு 20 அளவிலும், நண்பரும் தம்பதியரும் 30 முதல் 35 அளவிலும் பெறுவரென்பது அவ்வாராய்ச்சியின் பொதுவான முடிவு. ஆண்டுக்கணக்காக ஒரே அடுப்பிற் சமைத்த சோற்றை உண்போரும் மூன்றிலொரு பங்கே அறிகின்றனர்! இங்கே விடைத்தாள் அளக்கப்படுபவர் கையிலும் இல்லை, அளக்கும் அறிஞர் கையிலும் இல்லை. உணர்ந்தவர் கையிலேயே இருக்கிறது. இம்முறையே நேரியதென்று யான் கொள்கின்றேன். நம் இலக்கணமும் இதற்கு அயலான வழியில் நின்றதன்று.

தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பாவை மாணாக்கர் பெரும்பாலும் பரீட்சைக்கு வேண்டாவெனத் தள்ளிவிடுவர். கண்ணாலும் செவியாலும் ஐயமறக் கண்டுணரும் உணர்வுடையார்க்கன்றிப் பிறர்க்கு மெய்ப்பாட்டின் பொருள் எட்டாதென்பது அதன் கருத்து. மெய்ப்பாடுகளை எல்லாம் வகுத்து முடித்தபின், இவை எல்லார்க்கும் விளங்கா என்று ஆசிரியர் ஓர் எச்சரிக்கையும் வைத்துப் போகின்றார். கருவி இரண்டு: கண், செவி. மனத்தால் நினைத்துப் பார்த்தலை அவர் அவ்விடத்துக் கூறாமை கவனிக்கத் தக்கது.

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு. இவற்றைச் சொல்லாத மாணவர் இலர். ஆனால் ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன் உண்டென்பதன் பயனை உணர்ந்தோர் சிலரே. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன நான்கு. பிறரால் இகழப்படுதல் இளிவு. உரியாரையோ உரியவற்றையோ இழத்தல் இழவு. முன்னிருந்த நிலை கெட்டுத் தாழ்தல் அசைவு. நுகர்தற்கு இல்லாமை வறுமை. கண்ணீர் ஒன்றுதான், ஊற்று நான்கு.

இது வெறும் நூலறிவன்று. போர் 2009 இல் முடிந்தபின் இப்பகுதிகளில் எத்தனை வீடுகளிற் பெண்கள் அழுதிருப்பர்! அயலார் சென்று ஆறுதல் சொல்வர். எல்லா அழுகையையும் இழவென்றே கொண்டு, ‘போனவர் போய்விட்டார், மனத்தைத் தேற்றிக்கொள்’ என்பர். அவள் அன்று அழுதது போனவரை நினைத்தன்று. காலையில் ஓர் அலுவலகத்து வரிசையில் நின்றபோது எவரோ சொன்ன ஒரு சொல்லுக்காக இருக்கலாம். அஃது இளிவு. இளிவுக்கு இழவின் மருந்தைக் கொடுத்தால் நோய் ஆறாது. தன்னை ஒருவரும் அறிந்திலர் என்னும் வேறொரு துயரும் அதனோடு கூடும். தம் உணர்ச்சிகளை நுணுக்கமாகப் பிரித்துப் பெயரிட வல்லோர் அவற்றை ஆளுவதிலும் வல்லராகின்றனர் என லிசா பெல்ட்மன் பரெட் முதலியோர் 2001 இல் ஓர் ஆய்வில் எழுதினர். எட்டை நான்கால் உறழ்ந்து முப்பத்திரண்டாக்கிய ஆசிரியர்க்கு இச்செய்தி வியப்பளித்திராது.

(இடையே ஒன்று. இவ்வியலுக்குப் பேராசிரியர் செய்த உரையைப் புன்னாலைக்கட்டுவன் வித்துவசிரோமணி சி. கணேசையர் அவர்களின் உரைவிளக்கக் குறிப்போடு, 1943 இல் சுன்னாகத்தில் நா. பொன்னையா அவர்கள் பதிப்பித்தார்கள். உலகப் போர் நடந்த காலம். அந்நாளிலும் அழுகைக்கும் வெகுளிக்கும் நிலைக்களன் ஆராய்ந்தோர் நம் அயலூரில் இருந்தனர்.)

ஒருவர் உள்ளத்தை அறியும் முறைக்கு யான் வகுப்பிற் காட்டும் சிறந்த எடுத்துக்காட்டுத் தலைவியின் தோழி. களவொழுக்கம் தோழிக்குச் சொல்லப்படுவதில்லை, அவளே கண்டறிகின்றாள். எவற்றால்? மேனியில் வீசும் மணம் மாறியிருக்கிறது, தோற்றம் மாறியிருக்கிறது, நடந்துகொள்ளும் முறையும் உண்ணும் உணவும் முன்போல் இல்லை, செய்வதை மறைக்கின்றாள், செல்லும் இடமும் பயிலும் இடமும் வேறாயின. ஆக ஏழு குறிகளைத் தொல்காப்பியர் எண்ணுகின்றார். இவற்றுள் ஒன்றேனும் தனியே நின்று பொருள் தருவதன்று. குறைவாக உண்ணுதல் என்ன காட்டும்? இயல்பிலேயே குறைவாக உண்பவளாயின் ஒன்றும் காட்டாது. நேற்றுவரை எப்படி உண்டாளென்று அறிந்தவளுக்கே இன்றைய உணவு குறியாகும். ஆதலின் குறிப்பறிதலின் முதற்படி வழக்கத்தை அறிதல். இதனைப் பயிற்சி வகுப்புகளில் எவரும் சொல்லக் கேட்டிலேன்.

தோழி இத்துடன் நின்றாளா என்றால், இல்லை. அவள் தன் மதியோடு அவர்கள் உள்ளத்தை ஒன்றுபடுத்தி அறிதற்கு மூன்று வழி கூறப்பட்டுள. அவன் தன் குறையை வந்து சொல்ல உணர்தல் ஒன்று. அதற்குமுன் தானே குறிப்பால் உணர்தல் ஒன்று. இருவரும் உடனிருக்கும் இடத்து அவன் வர, அதுகண்டு உணர்தல் ஒன்று. குறிப்பு மூன்றில் ஒன்றே. சொல்லக் கேட்டலும், நேரிற் கண்டு ஒத்துப்பார்த்தலும் அதனோடு நிற்கின்றன. தான் நினைத்ததே உண்மையென்று துணிந்து தோழி ஓடிப்போய்ச் செவிலியிடம் சொல்லிவிடவில்லை.

திருவள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்னும் ஒரே பெயரை இரண்டு அதிகாரங்களுக்கு இட்டார். பொருட்பாலில் 71, காமத்துப்பாலில் 110. அரசவைக்கு வேண்டிய அறிவே அன்புடையாரிடத்தும் வேண்டுமென்பது அதனாற் போதரும். அவரே புலவி நுணுக்கத்தில் இவ்வறிவு மிகையானால் நேர்வதையும் நகைச்சுவையோடு காட்டுகின்றார். கணவன் தும்முகின்றான், மனைவி வாழ்த்துகின்றாள், உடனே, எவள் நினைத்ததாற் தும்மினீர் என்று அழுகின்றாள். அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்குகின்றான். நினைப்பவளை மறைக்கிறீரோ என்று அதற்கும் அழுகின்றாள். கண் கூரியது, செவியும் கூரியது. ஆனால் விடை முன்னரே முடிவாகிவிட்டது. மணிக்குறள் இரண்டிலும் நாம் நகைத்துவிட்டுப் போகலாம். காமத்துப்பாலில் ஊடல் இன்பத்தில் முடியும். வீட்டில் எப்போதும் அவ்வாறு முடிவதில்லை.

நியூசிலாந்தில் தம்பதியரை வைத்து 1997 இல் வெளியான ஓர் ஆய்வு, மணமாகி ஆண்டுகள் கூடக் கூட ஒருவர் நினைப்பை ஒருவர் சரியாக ஊகிக்கும் ஆற்றல் குறைவதாகக் கண்டது. முதலிற் கேட்பவர்க்கு இது முரணாகத் தோன்றும். எனக்கோ இது நன்கு விளங்குகின்றது. புதிதாக மணந்தோர் பார்க்கின்றனர். நெடுநாள் வாழ்ந்தோர் ‘எனக்குத் தெரியாதா?’ என்று பார்ப்பதை விட்டுவிடுகின்றனர். 2018 இல் வெளியான பிறிதோர் ஆய்வு 25 பரிசோதனைகளைக் கொண்டது. மற்றவர் இடத்தில் நம்மை வைத்துப் பார் என்று நாம் பிள்ளைகளுக்கு உபதேசிக்கின்றோமல்லவா? அங்ஙனம் வைத்துப் பார்த்தவர்கள் அதனால் மற்றவரைக் கூடுதலாகச் சரியாக அறிந்தாரில்லை. வாய்திறந்து கேட்டவர்களே அறிந்தனர். மற்றவர் இடத்தில் நம்மை வைத்தால் அங்கே இருப்பது நாமேயன்றோ?

இன்று இந்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் கடலுக்கு இருபுறமும் நின்று தொலைபேசியாற் பேசுகின்றன. தொல்காப்பியர் சொன்ன இரு கருவிகளுள் அங்கே பெரும்பாலும் செவி ஒன்றே மிஞ்சுகின்றது. கைத்தொலைபேசியில் எழுத்தாக வரும் செய்திக்கு அதுவும் இல்லை. ‘ஒண்டுமில்லை’ என்று எழுதி அனுப்பினால், அது நிறைவா, சலிப்பா, கோபமா, அழுகையை அடக்கிய சொல்லா? எழுத்து அதனைக் காட்டாது. ஆங்கே குறிப்பறிதல் என்று ஒன்று இல்லை, கேட்டறிதலே உண்டு.

இக்காரணங்களால், மெய்ப்பாட்டியல் படிப்பிக்கும்போது மாணாக்கரிடம் மூன்று நிரல்கொண்ட ஒரு குறிப்பேடு எழுதுவிக்கின்றேன். வீட்டிலுள்ள ஒருவரின் வழக்கத்தை முதல் நிரலில் எழுதுதல் வேண்டும். அதினின்று மாறியதையும், அம்மாற்றத்துக்குத் தாம் கொண்ட பொருளையும் இரண்டாவதில் எழுதுதல் வேண்டும். மூன்றாவது அவரையே கேட்டு, அவர் சொன்னபடி எழுதவேண்டியது.

ஒரு மாணவி தன் தாயாரைப் பற்றி எழுதினாள். கோபம் வந்தால் அம்மா பாத்திரம் கழுவும் ஓசை படலைவரை கேட்கும் என்பது முதல் நிரல். சில நாட்களாக இரவில் ஓசையே இல்லை. ஆகவே கவலை என்பது இரண்டாவது. அண்ணன் கட்டாரில் வேலை. மூன்றாம் நிரலில் தாயார் சொன்னபடியே எழுதியிருந்தாள்: “கவலை ஒண்டுமில்லை பிள்ளை. கொண்ணை எடுக்கிற நேரம் அது. போன் அடிக்கிறது கேக்காமல் போயிடும் எண்டுதான்.” கண்டது சரி, கொண்ட பொருள் தவறு. மாற்றத்தை அறியும் கண் அவளுக்கு வாய்த்திருந்தது. கேளாதிருந்தால், அம்மாவின் எதிர்பார்ப்பை அவள் கவலையென்றே வைத்துக்கொண்டு தானும் கவலைப்பட்டிருப்பாள்.

இதற்கு எத்தனை புள்ளி என்று பெற்றோர் சிலர் கேட்டனர். புள்ளி இல்லை. மூன்றாம் நிரலை எழுதுவிப்பவர் யானல்லன். அவர் அளந்ததை யான் திருத்துவதெங்ஙனம்? விடை தர மறுப்பவர்களும் உளர்; அப்போது நிரல் வெறுமையாகவே இருக்கும். அதனை நிரப்புமாறு வற்புறுத்தக் கூடாதென்று சொல்லியிருக்கின்றேன்; சொல்ல விரும்பாதவரின் உள்ளத்தைத் துருவிப் புகுதல் குறிப்பறிதலாகாது.

தாயாரைப் பற்றி எழுதுவோரே பலர். தந்தையாரைப் பற்றி இவ்வாண்டு எழுதியவர் இருவர்தாம். அவர்களுள் ஒருவனுடைய தந்தையார் கடையொன்றில் வேலை செய்பவர். மாலையில் வந்ததும் வீட்டினுள் நுழையாது, சைக்கிள் விடும் கொட்டிலில் அரைமணி நேரம் தனியே இருப்பார் என்பது முதல் நிரல். சிலநாள் ஒருமணி நேரமும் ஆகிவிடும். எங்கள்மேல் வெறுப்பு என்பது இரண்டாவது. மூன்றாம் நிரல் மூன்று வாரம் வெறுமையாகக் கிடந்தது. பின்னர் ஒருநாள் கேட்டிருக்கின்றான். “கடையில பட்டதை வீட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாது, தம்பி. ஆறிப்போட்டு வாறன்,” என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தான். அடுத்த வாரம் முதல் நிரலில் ஒரு வரி கூடியிருந்தது. அப்பாவின் தேநீரை இப்போது தான் கொட்டிலுக்குக் கொண்டுபோவதாக.